கொட்டகைப் பால்

"அப்ப நீ வாயே தொறக்கலியா?"

"தொறந்தேனே. காப்பி குடிச்சேன்."

"வெளையாடாத கோவிந்து. சின்னதுல இன்னா பால் குட்த்து வளத்தீங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்களா இல்லியா?"

"என்னை எங்க கேட்டாங்க? மருமவளக் கேட்டாங்க. அவ போன் போட்டு என்னைக் கேட்டா. பசும்பாலுன்னு சொல்லிட்டேன்."

மஹபூப் பீவி துடுப்பை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். ஆனால் அது அண்டாவைச் சுற்றிவரும் வேகம் குறைந்துபோனதைக் கோவிந்தம்மாள் கவனித்தாள். இருபத்தொன்பது வருஷமாக ஒரே அடுப்பின் இரண்டு பக்கம் நிற்கிறவர்கள். ஒருத்தி கோபப்பட்டால் அது முகத்துக்கு வருவதற்கு முன்னால் துடுப்புக்கு வந்துவிடும்.

குயிலாப்பாளையத்தின் ஓரத்தில், முந்திரித் தோப்புக்கு நடுவில் தகரம் வேய்ந்த கொட்டகை அது. உள்ளே சோயா பன்னீர் செய்கிறார்கள். ஊறின சோயா பயறை அரைத்து, காய்ச்சி, துணியில் பிழிந்து பால் எடுத்து, அதில் உப்புக் கரைசலை ஊற்றித் திரிய வைத்து, துணி விரித்த மரப்பெட்டியில் கொட்டி, மேலே கல்லை ஏற்றினால் பன்னீர். வெயில் கொஞ்சம் ஏறினதும் வண்டி வந்து ஆரோவில் கடைகளுக்கும் பொம்மையார்பாளையம் கடற்கரை விடுதிகளுக்கும் எடுத்துப்போகும். சக்கையை மாட்டுக்காரர்கள் வாரிக்கொண்டு போவார்கள். சோயா பால் மாட்டுப்பாலைப் போல நல்ல குணம் கொண்டதல்ல. பொங்கப்போகிறேன் என்று ஒரு அறிகுறியும் காட்டாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளையாக ஒரு ஆள் அண்டாவுக்குள்ளிருந்து எழுந்து நிற்பது மாதிரி நுரை எழுந்து நிற்கும். அதை அடித்து உட்கார வைக்கத்தான் பீவி.

ஐப்பசி மழை தகரத்தின்மேல் விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கெழம திரும்பப் போறாங்கல்ல. நீயும் போ. போயி உள்ளத சொல்லிட்டு வா," என்றாள் பீவி. "நீ பசும்பாலுன்னு எழுத வச்சுட்டு, அந்தப் புள்ள வேற எதுக்கோ மாத்திர முழுங்கிக்கினு கெடக்கணுமா?"

கோவிந்தம்மாள் பிழிதுணியை உதறினாள்.

விஷயம் இதுதான். அவளுடைய ஒரே மகன் மணிமாறன் திண்டிவனத்தில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கலைமதியைக் கட்டி நாலு வருஷம். குழந்தை இல்லை. போன மாதம் இரண்டு பேரும் பரிசோதனைக்குப் போனார்கள். கலைமதிக்கு ஒரு குறையும் இல்லை. மணிமாறனுக்கு விந்தணு எண்ணிக்கை இருக்க வேண்டியதில் கால்வாசிகூட இல்லை. இருப்பதிலும் பாதி அசையாமல் கிடக்கிறது. அந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. ஒரு நீளத் தாளை வைத்துக்கொண்டு பிறந்த நாளிலிருந்து கேட்டு எழுதினாளாம். விதை இரண்டும் இறங்கித்தான் பிறந்ததா, பொன்னுக்கு வீங்கி வந்ததா, அடிபட்டதா, கைக்குழந்தையில் என்ன பால்.

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் கோவிந்தம்மாள் பொய் சொன்னாள். பொய் சொன்னதற்குக் காரணம் அவள் போனில் பார்த்த ஒரு வீடியோ. கோட்டுப் போட்ட ஒருத்தர் விரலை நீட்டி நீட்டிப் பேசினார். சோயாவில் பெண்களின் சுரப்பு மாதிரியே ஒன்று இருக்கிறது, கைக்குழந்தை வயசில் ஆண்பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றுக்கே கேடு என்றார். அவள் அதை மூன்று முறை பார்த்தாள். பிறகு போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடினாள். அது அங்கிருந்தே இரண்டு முறை மணியடித்தது.

மணிமாறன் பிறந்தபோது அவளுக்கு இருபத்துமூன்று வயது. பிரசவத்தில் உதிரம் நிறையப் போய், மார்பில் பால் கட்டவே இல்லை. பசும்பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். பிள்ளைக்கு வயிற்றால் போயிற்று. ஆட்டுப்பால் கொடுத்தாள், அதுவும் தங்கவில்லை. இரண்டு மாதத்துப் பிள்ளை உரித்த கோழிக்குஞ்சு மாதிரி ஆகிவிட்டது. புருஷன் அரங்கநாதன் அனந்தபுரத்துக் காணியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போயிருந்தார். மாமியாரும் அங்கேதான். இங்கே அவளும் பிள்ளையும் கொட்டகையும்.

அப்போது கொட்டகையை நடத்தியது ஒரு வெள்ளைக்காரம்மா. அவர்தான், எங்கள் ஊரில் பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்குச் சோயா பால் மாவு டப்பாவிலேயே விற்கிறது, நீ இதைக் கொடுத்துப் பார் என்றார். டப்பா மாவும் அண்டாப் பாலும் ஒன்றல்ல என்பது அவருக்கும் தெரியவில்லை, கோவிந்தம்மாளுக்கும் தெரியவில்லை. அவள் கொடுத்தாள். முதல் நாள் ஒரு சங்கு. மறுநாள் மூன்று சங்கு. பிள்ளை தூங்கியது. பத்தாம் நாள் கன்னம் வைத்தது. அப்புறம் பதினான்கு மாதம் அதே பால். கேப்பைக் கூழுக்கு மாறும்வரை அவன்மேல் எப்போதும் பச்சைச் சோயா வாசனை அடிக்கும். அந்த வாசனையை முகர்ந்துகொண்டு படுத்த நாட்கள்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று அவள் நினைத்திருந்தாள், போன மாதம் வரைக்கும்.

பீவி கரண்டியால் நுரையை வழித்து வாளியில் போட்டாள். அவள் குரல் இறங்கியிருந்தது.

"ஒன்ன சொல்லி இன்னாடி ஆவறது. நான்தான் அப்பவே குடுக்கறேன்னு சொன்னேனே. என்கிட்ட ரெண்டு புள்ளைக்கு இருந்துச்சு. ஒன் மாமியாருதான் கூடாதுன்னுட்டாங்க. பெரியவங்க சொன்னா நீ இன்னா பண்ணுவ, பாவம்."

 மழை பலமாக இருக்கிறது, உப்புக் கரைசல் சரியாகக் கலக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கோவிந்தம்மாள் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அவள் மாமியார் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. மாமியாரிடம் அதைக் கேட்கவே இல்லை.

நடந்தது வேறு. பீவியின் புருஷன் காதர் பாட்சா துபாயில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கோட்டக்குப்பம் வந்து சேர்ந்த வருஷம் அது. பீவி கைப்பிள்ளை ஆசிப்பைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வேலைக்கு வந்தாள். இந்தப் பிள்ளை நோஞ்சானாகக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, குடு இங்க, என்று கை நீட்டினாள். அவள் முந்தானை நனைந்திருந்தது. கோவிந்தம்மாள் பிள்ளையை நீட்டக்கூடச் செய்தாள். அந்த நேரம் பார்த்துப் பீவி சந்தோஷத்தில் ஒரு வார்த்தை சொன்னாள்: "எங்கள்ல ஒரு புள்ளைக்குப் பால் குட்த்துட்டா அது நம்ம புள்ளதான். இனிமே ஆசிப்புக்கு இவன் கூடப்பொறந்தவன், எனக்கு ரெண்டு மவன்."

நீட்டிய கை திரும்பி வந்துவிட்டது. ஜாதியா, மதமா என்று அவள் பிற்பாடு எத்தனையோ தடவை தன்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அதெல்லாம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த நிமிஷத்தில் இருந்தது வேறு. தனக்குப் பால் இல்லை, இரத்தம் இல்லை, நிற்கத் தெம்பு இல்லை; இருப்பது இந்த ஒரு பிள்ளை, அதிலும் பாதி போய்விடுமா என்ற பயம். மறுநாள், ஊருக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன், மாமியார் வேணாங்கறாங்க பீவி, என்று சொல்லிவிட்டாள். அனந்தபுரத்தில் நிம்மதியாக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மேல் பழியைத் தூக்கி வைத்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன் மாமியார் செத்தபோது பீவி இரண்டு பஸ் மாறி அனந்தபுரம் வந்தாள். பிணத்தின் தலைமாட்டில் நின்று, ஆத்தா, அந்தப் பால் விஷயத்த நான் மனசுல வச்சுக்கல, மன்னிச்சுட்டேன், நீ நல்லபடியா போ, என்று அழுதாள். பக்கத்தில் நின்ற கோவிந்தம்மாள் அன்றைக்கு அழுத அழுகையை, மாமியார்மேல் இவ்வளவு பிரியமா என்று ஊரே பேசியது.

வியாழக்கிழமை மத்தியானமே அவள் திண்டிவனம் போய்ச் சேர்ந்தாள். பையில் வறுத்த மல்லாட்டையும் கருவாடும் இருந்தன. பன்னீர் எடுத்துப்போகவில்லை. பஸ் ஜன்னலுக்கு வெளியே ஏரிகள் நிரம்பி, பனைமரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. யாரையோ வழியனுப்ப வந்துவிட்டுத் திரும்பிப்போக மறந்தவை போல இருந்தன அவை.

கலைமதி வாசலிலேயே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் கையால் உள்ளே வரச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். அந்தப் பக்கம் அவள் பெரியம்மா, செஞ்சியிலிருந்து. ஆமாம் பெரியம்மா, எனக்குத்தான் மாத்திரை குடுத்திருக்காங்க, நீர்க்கட்டி மாதிரி ஏதோ, கரைஞ்சிடுமாம், அவருக்கு ஒண்ணும் இல்ல, அவர் நல்லாத்தான் இருக்கார். பெரியம்மா நீளமாக ஏதோ சொன்னாள். கலைமதி சுவரில் ஒட்டியிருந்த காலண்டரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, சரி பெரியம்மா, சுத்தறேன் பெரியம்மா, அரச மரம்தான, என்றாள்.

போனை வைத்ததும், "இன்னா அத்தை, மழையில நனைஞ்சுட்டீங்களா?" என்று துண்டை எடுத்துவந்தாள்.

"எதுக்கும்மா அப்டி சொன்ன? ஒனக்கு ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட்ல இருக்குதே."

"இருந்துட்டுப் போவுது. எனக்குன்னு சொன்னா, அரச மரத்த சுத்துன்னு சொல்லிட்டு வுட்டுடுவாங்க. அவருக்குன்னு தெரிஞ்சா பட்டறை வரைக்கும் போயி சிரிப்பானுங்க அத்தை. அவரு தாங்க மாட்டாரு."

சொல்லிவிட்டு அவள் குழம்புக்குப் புளி கரைக்கப் போய்விட்டாள். கோவிந்தம்மாள் தலையைத் துவட்டாமல் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பெண் அடுத்தவன் குறையைத் தானாகத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறது. நான் என் குறையைத் தூக்கி, இல்லாத ஒருத்தியின் தலையில் வைத்துவிட்டுக் கைவீசி நடந்துகொண்டிருக்கிறேன். இந்த நினைப்பு வந்தபின் கருவாட்டுக் குழம்பு இறங்கவில்லை. மணிமாறன் வேலையிலிருந்து வந்து, அம்மா வந்திருப்பதைப் பார்த்து, தட்டில் இருந்த கருவாடு முழுவதையும் அவள் பக்கமே தள்ளினான்.

ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமைக் கூட்டம். வாசலில் செருப்புகள் சேற்றோடு கிடந்தன. டாக்டரம்மா மூன்று பேரையும் உள்ளே உட்காரச் சொன்னாள். பழைய தாளை எடுத்துப் புரட்டும்போது கோவிந்தம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"டாக்டரம்மா, அதுல பசும்பாலுன்னு இருக்கும். அது பொய்யி. இவனுக்குப் பதினாலு மாசம் சோயா பாலுதான். நான் வேல செய்யற எடத்துப் பாலு. நாந்தான் குட்த்தேன். அது ஆம்பளப் புள்ளைக்குக் கேடுன்னு போன்ல ஒரு வீடியோ பாத்துட்டு மறச்சுட்டேன்."

மணிமாறன் திரும்பிப் பார்த்தான். கலைமதி அவன் முழங்கையைத் தொட்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பேனாவை மூடிவைத்தாள். உட்காருங்கம்மா என்றாள். அந்த வீடியோ மாதிரி நிறைய வருகிறது, அதில் பாதி உண்மையும் பாதி பயமுறுத்தலும் இருக்கிறது என்றாள். சோயாவில் இருக்கிற ஒரு பொருள் உடம்புக்குள் போய்ப் பெண்களின் சுரப்பு மாதிரி வேஷம் போடும், அது நிஜம். எலிக்குட்டிகளுக்கு அதை நிறையக் கொடுத்துப் பார்த்த சில ஆராய்ச்சிகளில் விதையில் மாற்றம் தெரிந்திருக்கிறது, அதுவும் நிஜம். ஆனால் அந்தப் பால் மாவு குடித்து வளர்ந்த மனிதர்களைப் பெரியவர்களானபின் கேட்டுப் பார்த்ததில் மற்றவர்களிடமிருந்து பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எண்ணிக்கையை எடுத்துப் பார்த்த ஆராய்ச்சி ரொம்பக் குறைவு. ஆகவே ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லவே இல்லை என்றும் சத்தியம் பண்ண முடியாது.

"இவரு பத்து வருஷமா வெல்டிங் அனல்ல நிக்கிறாரு. விதைப்பை நரம்பு ஒண்ணு வேற சுருண்டு வீங்கியிருக்கு, ஸ்கேன்ல தெரியுது. எதனாலன்னு ஒரு விரல நீட்டிக் காட்ட என்னால முடியாதும்மா," என்றாள். "வெறும் சோயா பால கைக்கொழந்தைக்குக் குடுங்கன்னு இன்னிக்கு யாருக்கும் சொல்ல மாட்டேன். அதுல கொழந்தைக்கு வேண்டிய சத்தெல்லாம் இல்ல. ஆனா அன்னிக்கு உங்க புள்ள பொழச்சது அதனாலதான்."

பிறகு அவள் மணிமாறனிடம் நரம்புக்குச் சின்ன ஆபரேஷன், மூன்று மாத மாத்திரை, அனலிலிருந்து கொஞ்சம் விலகி நிற்பது என்றெல்லாம் சொன்னாள். அதற்கும் மசியாவிட்டால் கருவை வெளியில் சேர்த்து உள்ளே வைக்கிற வழி இருக்கிறது, அப்போது பார்க்கலாம் என்றாள். தாளில் பசும்பால் என்பதை ஒரே கோடாக அடித்து மேலே சோயா என்று எழுதினாள்.

கலைமதி மருந்து வாங்கும் வரிசையில் நின்றபோது அம்மாவும் மகனும் எதிர்ச்சாரியில் டீக்கடைக்குப் போனார்கள். மழை விட்டிருந்தது.  மணிமாறன் டீயை ஆற்றி அவள் கையில் கொடுத்தான்.

"இதுக்குத்தான் ஒரு மாசமா எம்போன எடுக்காம இருந்தியா?"

அவள் தலையாட்டினாள்.

"சரியான பேஜாரும்மா நீ. நான் இன்னாமோ, எம்மேல கோவம்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான்; சிரித்திருக்காவிட்டால் அவள் மீதியைச் சொல்லியிருக்க மாட்டாள். சொன்னாள். பீவியின் நனைந்த முந்தானை, நீட்டிய கை, திரும்பி வந்த கை, அனந்தபுரத்துக் கிழவி தலையில் வைத்த பழி, எல்லாம். லாரிகள் போன சத்தத்தில் சில வார்த்தைகளை அவன் குனிந்து கேட்டான்.

"அப்ப ஆசிப் எனக்குத் தம்பியாயிருப்பான்," என்றான் கடைசியில். "நல்லவேள. இப்பவே துபாய்லேந்து வாரத்துக்கு நாலு தடவ போன் போட்டு உசுர எடுக்கறான்."

டீ கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வேறு குரலில் கேட்டான்.

"பீவி அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

 அவன் அவளைப் பஸ்ஸில் ஏற்றி உட்கார வைத்தான். இறங்கி நின்று, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அவள் தலையில் விலகியிருந்த முந்தானையைச் சரிபண்ணினான்.

சனிக்கிழமை கொட்டகையில் பயறு நன்றாக ஊறியிருந்தது. அரைத்து, காய்ச்சி, பிழிந்து, திரிய வைத்து, கல் ஏற்றும்வரை கோவிந்தம்மாள் டாக்டரம்மா சொன்னதை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். பீவி ஒவ்வொன்றுக்கும் அல்லாவுக்கு நன்றி சொன்னாள். நரம்புதானா, அப்ப சரியாயிடும், ஜல்தி சரியாயிடும், என்றாள். எங்க ஒறவுமுறையில ஒருத்தருக்கு அப்படித்தான், இப்ப மூணு பிள்ளை என்றாள்.

பெட்டியைக் கவிழ்த்துப் பன்னீர்ப் பாளத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, இரண்டு பேரும் எதிரெதிரே நின்று கத்தியால் துண்டுபோடும் வேலை. கைகள் முழங்கைவரை தண்ணீருக்குள். அந்த வேலையில் முகம் பார்க்கத் தேவையில்லை.

"பீவி, எம்மாமியார் வேணாம்னு சொல்லல. அவங்களுக்கு அது தெரியவே தெரியாது. நாந்தான் குடுக்கல."

பீவியின் கத்தி நின்றது. பாளம் பாதி வெட்டினபடி தண்ணீரில் மிதந்தது.

"ரெண்டு மவன்னு சொன்ன இல்ல. அதான். பங்கு போயிடும்னு பயந்துட்டேன்."

வெளியே சக்கை எடுக்க வந்தவன் மாட்டை அதட்டும் சத்தம் கேட்டது. பீவி கைகளைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

"நான் அந்தப் பொம்பள பொணத்துக்கு முன்னாடி நின்னு, மன்னிச்சுட்டேன்னு சொன்னேன்டி கோவிந்து. நீ பக்கத்துலதான நின்ன."

"நின்னேன்."

"அவங்க என்னத்த செஞ்சாங்கன்னு நான் மன்னிச்சேன்?"

 பீவி வெட்டத் தொடங்கினாள். துண்டுகள் ஒரே அளவாக விழுந்தன, எப்போதையும்விடச் சரியாக.   வண்டி வந்து கேன்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. டிரைவர் ஏதோ கிண்டல் பண்ணினான்; இரண்டு பேரில் ஒருத்திகூடத் திருப்பிக் கொடுக்காததைப் பார்த்து, இன்னா ரெண்டு பேருக்கும் சண்டையா என்று கேட்டுவிட்டுப் போனான்.

மத்தியானத் தொழுகைக்கான ளுஹர் பாங்கு தூரத்திலிருந்து மெல்லியதாக வந்தது. பீவி குழாயடிக்குப் போனாள். கையை மூன்று முறை கழுவி, வாயைக் கொப்பளித்து, முகத்தைக் கழுவினாள். நரைத்த முன்மயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. வலது காலை நீட்டிக் கழுவும்போது கோவிந்தம்மாள் பின்னால் வந்து நின்றாள். பீவி திரும்பவில்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பீவி. தொழுதுட்டுக் கையேந்துவ இல்ல, அப்ப மணிமாறனுக்காவும் கேளு. கோவிந்து மவன்னு சொல்லாத. எம்மவன்னு சொல்லிக் கேளு."